கல்வராயனின் நீலம்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் நண்பர்கள் மூவரின் கைப்பேசித் திரைகளிலும் நார்வே நாட்டு மலைகளே காட்சி தருகின்றன. பச்சை என்றால் கண்ணைப் பறிக்கும் பச்சை. நீலம் என்றால் மையைக் கரைத்து ஊற்றியது போன்ற நீலம். "நம்ம ஊர்ல என்னடா இருக்கு, வெறும் வெயில்தானே? போட்டோ எடுத்தா வெளுத்த வேட்டி மாதிரி இருக்கும்" என்பது அவர்கள் கட்சி. வெள்ளிமலைப் பக்கத்தில் பிறந்து, கையில் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவுடன் மூன்று ஆண்டுகளாய் அம்மலையைச் சுற்றி வருபவன் நான். இக்கட்டுரையை அவர்களுக்கான என் மறுமொழியாகக் கொள்க.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்ஜாவிக் நகரில் டிசம்பர் 21 அன்று உச்சிப் பொழுதிலும் கதிரவன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை பாகை உயரத்தில்தான் நிற்பான். அதாவது அங்கே பகல் முழுவதுமே நமது விடியற்காலை! சாய்ந்து விழும் அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நீண்ட நிழல் உண்டு. மேடும் பள்ளமும் தனித்தனியே தெரியும். நம் கள்ளக்குறிச்சியோ வடக்கு அட்சரேகை 11.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகலில் கதிரவன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறான். நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும் அந்நேரத்தில் எந்த மலையைப் படம் பிடித்தாலும் தட்டையாகத்தான் வரும். இங்கே கதிரவன் செங்குத்தாக ஏறுகிறான் என்பதால், அவன் ஆறு பாகை உயரத்தைத் தாண்ட மார்கழி, தை மாதங்களில்கூட அரைமணி நேரம் ஆவதில்லை. அந்த அரைமணிக்குள் ஐஸ்லாந்துக்காரன் காணும் வெளிச்சம் நமக்கும் உண்டு. அவன் பகலெல்லாம் பெறுவதை நாம் போர்வையை உதறி எழுந்து பெற வேண்டும், வேறுபாடு அவ்வளவே.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதும் முக்கியம். கல்வராயன் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே காலைக் கதிர் நம் முதுகுக்குப் பின்னிருந்து புறப்பட்டு மலையின் முகத்தில் நேராக விழும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையருகே நின்றால் மடிப்பு மடிப்பாய் மலை எழுந்து நிற்பதைக் காணலாம். மாலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் அது கறுப்புத் திரையாகிவிடும். சமவெளியில் இருப்போர் பெரும்பாலும் வேலை முடிந்து மாலையில்தான் மலையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். "கல்வராயன் எப்போதும் கறுப்பு" என்று பலர் நினைப்பதற்கு இதுவே காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி நீலத்திற்கு வருவோம். எனக்கும் என் தாத்தாவுக்கும் வழக்கே இதில்தான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள் காலை, புழுதியெல்லாம் கழுவப்பட்ட காற்றில், தொலைவு மலைகள் அடுக்கடுக்காய் நீலம் காட்டும். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கிறது. ராலே கண்ட விதி இது. வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். அப்படி ஒரு காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தாத்தாவிடம் கொடுத்தேன். முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"செம்மண்ணு சரி. மரவள்ளிக் கொல்லை சரி. மலையில எதுக்குடா சாயம் பூசினே?"

"பூசல தாத்தா. இருந்தபடியே எடுத்தது."

"எழுவது வருசமா பார்க்கிற மலை. எனக்கே சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கண்ணில் புரை என்று முகாமுக்கு வந்த மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கூறியிருந்தார். "வயசான காலத்துல கண்ணுல கத்தி எதுக்கு?" என்று தட்டிக் கழித்தவர், தடியை ஊன்றி வழியைத் தடவித்தான் கொல்லைக்குப் போய்வந்தார். ஓடைக்கரையில் இருமுறை விழுந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. எவர் கெஞ்சியும் அசையாதவர், பேரனின் படம் பொய் என்று மெய்ப்பிப்பதற்காகவே அந்தத் தை மாதம் கீழே இறங்கி வந்தார்! முதலில் வலக்கண்ணில் மட்டும் அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்தார்கள்.

கட்டுப் பிரித்து ஊர் திரும்பியதும் படத்தைக் கேட்டு வாங்கினார். இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். மீண்டும் மாற்றிப் பொத்தினார்.

"இந்தக் கண்ணுக்கு நீ சொல்றது நெசம். அந்தக் கண்ணுக்கு நான் சொன்னது நெசம்."

புரை முற்றும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பேறுகிறது. அது முதலில் தடுப்பது நீல ஒளியைத்தான். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கும் இது நேர்ந்தது. பார்வை மங்கிய ஆண்டுகளில் அவர் ஓவியங்களில் செம்பழுப்பு மிகுந்தது. 1923-இல் ஒரு கண்ணில் அறுவை செய்துகொண்ட பின் எல்லாம் நீலமாகத் தெரிவதாகக் குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் தாத்தா குறைப்படவில்லை. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து இரு கண்களையும் மாற்றி மாற்றிப் பொத்தியபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் வானம் எந்த நிறம் என்று விசாரணை வேறு!

இதற்குப் பின் 'உண்மை வண்ணம்' பற்றி அடித்துப் பேச எனக்குத் துணிவில்லை. எனினும் சில கைப்பேசிகள் தாமாகவே பச்சையைக் கூட்டி, வானத்தை அழுத்தி, கடுக்காய் மரத்தையும் மரவள்ளி இலையையும் ஒரே நிறமாக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. மரவள்ளியின் காம்பில் ஓடும் சிவப்பு அதில் செத்துவிடுகிறது. மழை ஈரம் இலைமேல் பளபளத்து நிறத்தை மறைக்கும்போது லென்ஸின் முன் துருவமுனைப்பு வடிகட்டி ஒன்றைச் சுழற்றினால் போதும். உள்ளே இருக்கும் பச்சை தானே வெளிவரும். கதிரவனுக்குச் செங்கோணமான திசையில் வானத்தின் நீலமும் அதனால் ஆழமாகும். இல்லாததைச் சேர்ப்பதன்று; மறைப்பதை விலக்குவது.

இன்னொன்று. சுற்றுலா வருவோர் எடுக்கும் படங்களில் எங்கள் மலை ஆளில்லாக் காடாகவே இருக்கிறது. தாத்தாவோ தம் கொல்லையையும் அதன் கல்வரப்பையும், அப்பால் நீல மலையையும் ஒரே படத்தில் கேட்டார். வரப்பு தெளிவாக வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்தக் கற்களை அடுக்கியவர் அவர் தந்தையார். மூன்று விடியல்கள் பனிமூட்டத்தில் வீணாயின. நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது. தாத்தா வரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறார், தடியில்லாமல்.

அந்தப் படத்தைத்தான் ஆசிரியர் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் இம்மலரில் வண்ணம் அட்டைக்கு மட்டுமே. உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. அதனால் என்ன? அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) நம் நாட்டுக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தே பெரும்புகழ் பெற்றார். எதிர்ப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் காணும் மலையை நீங்களே நீலமாக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நீலம் என்று ஐயம் வந்தால் வெள்ளிமலைப் பக்கம் வாருங்கள், தாத்தா சொல்வார்.