கழுவினால் போகாத மருந்து

காயல்பட்டினத்தில் எங்கள் உம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்கு இலை ஆத்தூரிலிருந்துதான் வர வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் அந்த இலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரில் ஒரு கொடிக்காலை மாமாவும் நானும் குத்தகைக்கு எடுத்திருந்தோம்.

அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொடிக்காலில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த சில வாரங்களில் இலைகள் பளபளப்பிழந்து, மஞ்சளித்துத் தொங்கின. கொடியை இழுத்தால், கறுத்து அழுகிய அடித்தண்டு கையோடு வந்தது.

கடையில் கார்பென்டாசிம் கொடுத்தார்கள். வாழை வாடலுக்கு அதைச் சொல்லக் கேட்டிருந்தமையால் நம்பி இருமுறை ஊற்றினேன். நோயோ அடுத்த பாத்திக்கும் தாவியது. வேளாண்மை படித்த மைத்துனர் வந்து பார்த்த பிறகே பிழை விளங்கிற்று. இந்த வாடலுக்குக் காரணமான பைட்டோப்தோரா, பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மைப் பூஞ்சை அன்று. அதன் வித்துகள் தேங்கிய நீரில் நீந்தியே வேரைச் சென்றடையும். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் வேண்டும் என்றார். ஊற்றினோம். வேர் உறிஞ்சிய மருந்து சாற்றோடு மேலேற, எஞ்சிய கொடிகள் பிழைத்தன.

அவ்வேளையில்தான் வியாபாரி வந்தார். வெள்ளத்தால் இலைக்குத் தட்டுப்பாடு. நல்ல விலை சொன்னார். குத்தகைப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் தலையசைக்கப் போனேன்.

"மருந்து இலையைக் கழுவினால் போகுமா?" என்று மாமா கேட்டார்.

"போகாது மாமா. அது இலைக்குள்ளே இருக்கிறது."

"அப்படியானால் உன் உம்மாவுக்கு இதில் இரண்டு கவுளி அனுப்புவாயா?"

நான் பதில் சொல்லவில்லை. நெல்லென்றால் உமி நீக்கிச் சமைக்கிறோம். வாழையென்றால் தோலை உரிக்கிறோம். வெற்றிலையைப் பச்சையாக அப்படியே மெல்கிறோம். மருந்து உறையில் வேறு பயிர்களுக்குக் காத்திருக்கும் நாள் அச்சிட்டிருந்தது. வெற்றிலைக்கு ஒரு சொல்லும் இல்லை. முற்றிய இலைகளைக் கிள்ளிக் குழியில் புதைத்தோம். குத்தகைக்கு மாமியின் வளையல் அடகுக்குப் போயிற்று. புதிய தளிரை எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. அவரே வென்றார்.

இம்மருந்தையே எந்நாளும் நம்பவும் இயலாது. 1980இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில், இதே இனத்து நோய்க்கிருமி மெட்டலாக்சிலுக்கு அடங்காமல் போனது.

ஆகவே மழைக்கு முன்னரே வடிகாலை ஆழமாக வெட்டினோம். ஐப்பசி முதல் தை வரை மாதந்தோறும் கொடியடியில் போர்டோக் கலவை ஊற்றுகிறோம். 100 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் மயில்துத்தம், 250 கிராம் சுண்ணாம்பு. 1885இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்டே என்பவர் அறிவித்த பழைய மருந்து இது. மெட்டலாக்சில் போல இது சாற்றோடு ஏறி இலைக்குள் சேர்வதில்லை. கலந்ததும் தீட்டிய அரிவாளை முக்கிப் பார்ப்போம். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். வெற்றிலைக்குக் கொடியிலும் சுண்ணாம்பா என்று உம்மா சிரித்தார்கள்.

மாமியின் வளையலைச் சென்ற மாதம்தான் மீட்டோம்.