வலக்கன்னம்

2020 ஜூலை 6
கொரோனாவுக்காகக் காலை ஆறு மணியிலிருந்து டிரிப்பிள் லாக்டவுன். ஸ்ரீவராகத்துத் தெருவில் பால்காரரைத் தவிர ஆளில்லை. அப்பாவுக்கு வாரம் ஒருமுறை சவரம் செய்ய வரும் பெரியவர் பூந்துறைக்காரர். இனி வர மாட்டார். அப்பாவுடையது பக்கவாதம் வந்த முகம். ஒரு வாரத்து முள்ளில் இரட்டை பிளேடு அடைத்துக்கொண்டு இழுக்கிறது. அப்பா தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூலை 8
மடக்குக் கத்தி அப்பாவுடையதுதான். எய்ட்ஸ் பயத்தில் சவரக் கடைக்காரர்கள் பாதி பிளேடுக்கு மாறிய காலத்தில், இவர் சாலைக் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு கத்தி வாங்கி வைத்துக்கொண்டார். போனில் பெரியவர் பாடம் சொன்னார். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போகணும், வாய் பின்னால் வரணும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டணும். இல்லாவிட்டால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு.

ஜூலை 10
பூந்துறையில் லாக்டவுனை எதிர்த்து ஜனம் ரோட்டுக்கு வந்துவிட்டது. பெரியவர் போனை எடுக்கவில்லை.

ஜூலை 13
பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் தீர்ப்பு. அரச குடும்பத்தின் உரிமை செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா டிவியை விட்டு நகரவில்லை.

நான் கண்ணாடி முன்னால். கத்தியை நிமிர்த்தினால் வெட்டுகிறது, ரொம்பப் படுத்தால் முடியை இழுக்கிறது. நடுவில், ஏறக்குறைய முப்பது டிகிரியில், வாழைச்சருகு கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது கேட்டால் சரி. தாடையில் இரண்டு கீறல், படிகாரம் வைத்தேன். என் தோல் எனக்கு உடனே சொல்லிவிடுகிறது. அப்பாவின் இடப்பக்கத்துக்கு உணர்ச்சியே இல்லை. அங்கே யார் சொல்வார்கள்?

ஜூலை 17
பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதலமைச்சர் அறிவித்தார். ராத்திரி பெரியவரே கூப்பிட்டார். சௌக்கியம்தானாம்.

“சாரே, அந்த இடப்பக்கம் பல்லு இல்லாம குழி விழுந்திருக்கில்லா? அவரால காத்து நிறைச்சு உப்ப முடியாது. நான் விரலை வாய்க்குள்ள விட்டு வெளியே தள்ளிப் பிடிச்சுத்தான் வழிப்பேன்.”

இத்தனை வருஷமாக அவர் வீட்டுக்குள் வந்ததும் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விடுவேன்.

ஜூலை 20
கர்க்கடக வாவு. சங்குமுகத்தில் இந்த வருஷம் பலி தர்ப்பணம் கிடையாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி எள்ளும் தண்ணீரும் விட்டார். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 23
வெந்நீரில் துண்டு முக்கி முகத்தில் போட்டு வைத்தேன். நுரை. பொட்டுப் பக்கம் கட்டைவிரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன வழிப்பாகக் கீழே. வலக்கன்னம் முடிந்தது, ரத்தம் இல்லை. இடப்பக்கம் போக சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நகம் வெட்டினேன். மறுபடி கழுவினேன்.

“மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்பா.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமைடா” என்றார், வாய் கோணியபடி.