உப்பும் ஓலையும்

மரக்காணத்து உப்பளங்களின் நடுவே நின்றால் வெண்குவியல்கள் கண்ணைக் கூசச் செய்யும். பூமீசுவரர் ஆலயத்துச் சோழர் கால சாஸனங்களும் இவ்வளங்களைப் பற்றிப் பேசுகின்றன. இவ்வூர்க் காட்டின் மரங்களை ஆராய்ந்தவர்களோ புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார்.

1955-ல் தோன்றிய அந்நிலையத்தில் சைவாகம ஏடுகள், ஆலயச் சிற்பங்களின் புகைப்படங்கள், உலர்த்திய செடிகொடிகள், மகரந்தத் துகள்கள் யாவும் வரிசைப்படுத்திக் காக்கப்படுகின்றன. அச்சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பெருமைதான். ஊரூராகச் சென்று ஏடுகளைத் திரட்டியவர்களில் நம் பண்டிதர்களும் உண்டு. ஆயினும் அதற்கு முன் நாம் செய்தது என்ன? எத்தனையோ ஏடுகளைக் கரையானுக்கு இரையாக்கினோம். பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டோம்.

மழையில் கரைந்த உப்பு மறு கோடையில் விளையும். அழிந்த ஏடு விளையுமா? அன்பர்களே, இன்றே உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள்.