தோட்டமும் பூந்தோட்டமும்

தெமோதரை என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அதன் புகையிரதப் பாதையே. பதுளையிலிருந்து ஏறிவரும் வண்டி முதலில் நிலையத்தின் அடியிலுள்ள குகைக்குள் நுழைந்து, மலையைச் சுற்றிவந்து, சில நிமிடங்களின் பின்னரே அந்நிலையத்தின் மேடையை அடைகின்றது. 1924இல் பதுளை வரை நீண்ட இப்பாதையை அமைத்தோர் மலையின் செங்குத்தைச் சமாளிக்கக் கண்ட வழி இது. எனவே, மேடையில் காத்து நிற்போர் வண்டியைக் கண்ணாற் காணுமுன் தம் காலடியில் அதன் ஓசையைக் கேட்பர்.

இந்நிலையத்துக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், எண்பதை நெருங்கும் வயதில், முதன்முறையாக ஹக்கலைத் தாவரவியற் பூங்காவைக் காணச் சென்றார். அழைத்துச் சென்றவள், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலும் அவருடைய பேத்தி. மாதம் ஏப்ரல். பண்டாரவளை, வெலிமடை வழியாகப் பஸ் ஏறிச் சென்றனர்.

நுவரெலியாவின் வசந்த காலம் ஏப்ரல் முதல் நாளில் பாடசாலை மாணவரின் வாத்திய இசை அணிவகுப்புடன் தொடங்குவது வழக்கம். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் அதனைத் தொடரும். உண்மையில் இந்நாட்டுக்கு ஐரோப்பியரின் நான்கு பருவங்கள் இல்லை. குளிர்மலையில் தங்கிய ஆங்கிலேயர் தம் நாட்டு வசந்தத்தின் சாயலை இங்கே தேடிக்கொண்டனர். அவர்கள் போன பின்னரும் விழா நின்றது. அந்நாட்களில் ஹக்கலையில் ரோசாக்கள் பூத்துக் குலுங்கும். தென்னிலங்கையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து புற்றரையில் அமர்ந்து, மேளம் தட்டிப் பைலாப் பாடி மகிழ்வர்.

ஹக்கலை பூவுக்காகத் தோன்றிய பூங்கா அன்று. 1861இல் சின்கோனாப் பயிரைச் சோதிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கும் கொயினா மலேரியாவுக்கு மருந்து. ஆயின் மக்களின் நம்பிக்கை அதற்கு வேறொரு பழமையைத் தருகின்றது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பர். சீதையம்மன் கோயிலும் அருகிலேயே உள்ளது. பூக்கள் நிறைந்த சோலையும் ஒருத்திக்குச் சிறையாகலாம் என்பதை அக்கதை அறிந்திருந்தது.

மலையகத்துத் தமிழில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்குப் பூ என்ற நினைவே இல்லை. அது பிரட்டுக் களத்தையும், கொழுந்து மடுவத்தையும், லயத்தையும் குறிக்கும் சொல். ஆனால் தேயிலையும் பூக்கும் செடியே. குளிர்நாட்டுச் சோலைகளில் மலருக்காகப் போற்றி வளர்க்கப்படும் கமேலியாவின் இனத்தைச் சேர்ந்ததே அது. கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளியும், சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டியும் அதனை இடுப்பளவில் நிறுத்தி வைக்கின்றனர். விட்டுவிட்டால் அது மரமாக உயரும். மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெண்பூக்களைச் சொரியும். தேயிலை மலையில் பூ கண்டால் அது கவனிப்பாரற்ற மலை என்பது பொருள். பூக்க விடாமல் வைத்திருப்பதே அங்கு தொழில்.

வெலிமடை தாண்டியதும் கைவிடப்பட்ட துண்டு நிலமொன்றில் ஆளுயரம் வளர்ந்து பூத்து நின்ற தேயிலையைப் பேத்தி காட்டினாள். “அந்தப் பூவை வெள்ளைக்காரன் தோட்டத்துல வளர்க்கிறாங்க, தாத்தா. அதுக்கு அக்கா தங்கச்சிதான் இது” என்றாள். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நான் எத்தனை ஆயிரம் செடிய இப்படி நிக்க விடாம வெட்டியிருப்பேன்!” என்றார்.

பூங்காவில் அவர் ரோசாக்களைப் பார்த்ததைவிட, செடிகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்த தொழிலாளரையே அதிகம் பார்த்தார். புற்றரையில் மேளம் முழங்கியது. ஆசனத்தில் அமர்ந்திருந்த அவருடைய விரல்கள் கைத்தடியில் வேறொரு தாளத்தைத் தட்டலாயின. “இது என்ன தாளம், தாத்தா?” என்று கேட்டாள் பேத்தி.

“காமன் தப்பு” என்றார் அவர்.

அதன் பின்னரே அவள் அறிந்தாள்: ஒரு காலத்தில் அவர் ரதியாக ஆடியவர். தோட்ட மக்களுக்கும் ஒரு வசந்த விழா இருந்தது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதி மன்மதன் கதையை ஆடுவர். கரும்பை வில்லாகவும் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் ஆகிய ஐம்மலர்களை அம்பாகவும் கொண்ட மன்மதன், சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பராவான். ரதி புலம்புவாள், அவளுக்கிரங்கி அவன் மீண்டும் உயிர் பெறுவான். காமவேள் விழாவைக் கலித்தொகை பேசுகின்றது. அத்தகைய பழைய விழாவின் உயிர்ப்பைக் கோப்பி, தேயிலை மலைகளுக்குக் கொண்டுவந்தோர், கப்பலேறி வந்த கூலித் தொழிலாளர்.

இவ்விழாவுக்கு நுழைவுச்சீட்டு இல்லை, விருந்தினர் இல்லை. பகலில் கொழுந்தெடுத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவில் தேவர்களாயினர். ஆண்டு முழுவதும் பெயர்ப் பட்டியலில் வெறும் ‘பேராக’ இருந்த மனிதனுக்கு அந்த இரவுகளில் ஒரு முகம் கிடைத்தது.

அவருடன் மன்மதனாக ஆடியவர் பக்கத்து லயத்து நண்பர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றவராக்கப்பட்ட பல இலட்சம் பேரில் இவ்விருவரின் குடும்பங்களும் அடங்கும். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. ஒருவர் இங்கே நின்றார். மற்றவர் அந்தக் கணக்கில் போனார். எழுபதுகளில் ஒருநாள் தெமோதரை நிலையத்தில் மன்மதனை வழியனுப்ப ரதி நின்றார்.

“கீழ குகையில கோச்சிச் சத்தம் கேட்டிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்குன்னு அவன் என் கையப் பிடிச்சான். மலையச் சுத்தி வர்ற அந்த நேரந்தான் எங்களுக்கு மிச்சம். பொட்டல்ல அத்தனை வருசம் பொலம்பியிருக்கேன், அன்னைக்கு ஒரு சொல்லு வரல்ல” என்றார் முதியவர்.

எரிந்த மன்மதன் கூத்தில் மீள்வான். தலைமன்னாரில் கப்பலேறியவர் மீளவில்லை. ஆடுவோர் குறைந்தனர். பிள்ளைகள் தொழில் தேடிக் கொழும்புக்குச் சென்றனர். அத்தோட்டத்தின் பொட்டலில் கம்பம் ஊன்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

தாவரவியற் பூங்கா செய்யும் பணி பெரியது. அழியக்கூடிய செடியைக் காத்து, அதற்கொரு பெயர்ப்பலகையும் இடுகின்றது. கூத்தையும் அவ்வாறு காத்துவிடலாம் என்று கற்றோர் எண்ணுவதுண்டு. பேத்தியும் அவ்வாறே எண்ணினாள். பாடல்களைச் சொன்னால் எழுதிக்கொள்வதாகக் குறிப்பேட்டை எடுத்தாள். முதியவர் தலையசைத்தார். “எழுதிக்க அம்மா, வேணாங்கல்ல. ஆனா அது தாளுல நிக்கிற பாட்டில்ல. யாராச்சும் பொட்டல்ல நிக்கணும்.” ஏட்டில் உள்ள கூத்து விதையைப் போன்றது, மண்ணில் விழும்வரை அது செடியாகாது. ஆய்வேடுகள் எழுதும் பல்கலைக்கழகத்தார் நினைவிற் கொள்ளத்தக்க சொல் இது.

மாலையில் தோட்டத்துக்குத் திரும்பியதும் அவர் லயத்துக்குப் போகாமல் பொட்டலுக்குச் சென்றார். புல் மண்டிய நிலத்தில் கைத்தடியை ஊன்றி, கம்பம் நின்ற இடத்தைக் காட்டினார்.

“அடுத்த மாசிக்கு ஒரு ரதி வேணும்” என்றார்.

“பொம்பளப் புள்ள ரதி கட்டினதே இல்லையே, தாத்தா?”

“இல்லதான். அதுக்கு நான் என்ன செய்ய? கவ்வாத்துக் கத்தியத்தான் எப்பவோ ஒப்படைச்சிட்டேனே!”

பேத்தி குறிப்பேட்டைப் பையில் வைத்துவிட்டு அவரெதிரே வந்து நின்றாள். முதியவர் கைத்தடியில் தாளத்தைத் தட்டத் தொடங்கினார்.