நாற்பது மாடும் நான்கு நாள் பனியும்

கறவை மாடு வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எந்த நாட்டு மாட்டுக்கும் காலையிலும் மாலையிலும் மடி கனக்கத்தான் செய்யும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டெகண்டார்ஃப் பக்கத்தில் பால் பண்ணை நடத்தும் அந்தத் தம்பதிக்கு நாற்பது மாடுகள். பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கப்படும் ஃப்ளெக்ஃபீ இனம். திருமணமாகிப் பதின்மூன்று வருடங்களில் இருவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை.

2025 அக்டோபரில் ஒரு நாள், பதினொரு வயது மகள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். "வகுப்பில் எல்லாரும் ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கு போறாங்க. நாம மட்டும் ஏன்ப்பா போறதில்ல?" அவர் பதில் சொல்லவில்லை. மனைவி எழுந்துபோய் நாட்காட்டியை எடுத்து வந்தார்.

முதல் சிக்கல், எந்த வாரம் என்பது. அங்கே பள்ளி நாளில் பிள்ளைகளை அனுமதி இல்லாமல் சுற்றுலா கூட்டிப்போனால் அபராதம் விழும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடைக்காது. ஈஸ்டர் சமயத்தில் வயல் வேலை தொடங்கிவிடும். மிஞ்சியது ஃபாஷிங் எனும் திருவிழாவையொட்டி வரும் ஒரு வார விடுமுறை. 2026-ல் அது பிப்ரவரி 16 முதல் 20 வரை.

அதிலும் ஒரு முள் இருந்தது. ஜெர்மனியில் நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை புல்வெளியில் சாணக் கரைசல் விடக் கூடாது என்பது சட்டம். தடை முடியும்போது கரைசல் தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கும். பிப்ரவரியில் தரை உறையாமல், பனி மூடாமல் கிடைக்கிற நாளில் இறைத்தாக வேண்டும். அந்த நாள் பிள்ளைகளின் விடுமுறைக்குள்ளேயே வந்துவிட்டால்?

அடுத்து, அவர் சினைப் பதிவேட்டைப் புரட்டினார். மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். மே 13-ம் தேதி ஒரு கிடாரிக்குச் சினை ஊசி போட்டிருந்தார். கணக்குப் பார்த்தால் பிப்ரவரி 17 வருகிறது. தலையீற்று வேறு. மே மாதம் தொழுவத்தில் நின்று ஊசி போட்டபோது, அடுத்த வருட விடுமுறைக்கும் சேர்த்துத் தேதி குறிக்கிறோம் என்று அவர் எங்கே நினைத்தார்!

"ஆர்பர் மலைக்கே போகலாமே" என்றார் அவர். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பகலில் பிள்ளைகள் சறுக்கட்டும், சாயங்காலக் கறவைக்கு அவர் திரும்பிவிடுவார். "அதுக்குப் பேரு விடுமுறை இல்ல. மாட்டுக்கு நடுவுல பனி பாக்குறது" என்றார் மனைவி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆர்பரின் உச்சியே 1,456 மீட்டர்தான். மழை பெய்து பனி கரைந்துவிட்டால் அதுவும் இல்லை.

பனிச்சறுக்குக்கு ஊர் தேடும் பலரும் விடுதியின் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உயரத்தை. 2007-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு வெளியிட்ட ஆய்வு, ஆல்ப்ஸில் 666 பனிச்சறுக்குத் தலங்களைக் கணக்கெடுத்தது. அன்றைய நிலையில் 609 இடங்களில் இயற்கைப் பனியை நம்பலாம். வெப்பம் 2 டிகிரி கூடினால் 404, 4 டிகிரி கூடினால் 202 என்று அது சொன்னது. 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக் கோப்பைப் போட்டியே பச்சைப் புல்வெளிக்கு நடுவே, செயற்கைப் பனிப் பட்டையில்தான் நடந்தது.

மனைவி தேர்ந்தெடுத்தது ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் உள்ள ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கு. அங்கே சோல்டனில் சறுக்குப் பாதைகள் 3,000 மீட்டருக்கு மேல் பனியாறுவரை ஏறுகின்றன. ஆனால் சோல்டனில் தங்கினால் கை சுடும். அதனால் கீழே, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் லெங்கன்ஃபெல்டில் அறை தேடினார். அங்கிருந்து பேருந்தில் மேலே போய்விடலாம். பெரும்பாலான விடுதிகள் சனி முதல் சனிவரை என்றால்தான் பேசவே செய்தன. கடைசியில் அறை வாடகைக்கு விடும் ஒரு விவசாயக் குடும்பம் கிடைத்தது. அந்த வீட்டம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை மாடு?" நாற்பது என்றதும், திங்கள் முதல் வெள்ளிவரை நான்கு இரவுக்கு ஒத்துக்கொண்டார்.

பேச்சு அரை மணி நேரம் ஓடியது. அவர்களின் மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் குளிர்காலத்தில் சறுக்குப் பாதை போகிறதாம். அதற்குப் பணம் வருகிறது. ஆனால் செயற்கைப் பனி இறுகிக் கிடந்து, வசந்தத்தில் தாமதமாகக் கரைவதால் அந்தப் பட்டையில் மட்டும் புல் பிந்தித்தான் எழும்பும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. செயற்கைப் பனி போட சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். வயலில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவதற்குச் சமம்.

மாட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே. அதற்கு மஷீனன்ரிங் இருக்கிறது. வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்திவந்த எரிக் கெயர்ஸ்பெர்கர் என்பவரின் முயற்சியில் 1958-ல் உருவானது. முதல் சங்கம் தொடங்கிய புக்ஹோஃபன் இவர்களுக்குப் பக்கத்து ஊர்தான். விவசாயிகள் இயந்திரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய ஏற்பாடு, இன்று பால் கறக்கத் தெரிந்த மாற்றாளையும் அனுப்புகிறது. விவசாயி நோயில் படுத்தால் அந்தச் செலவை விவசாயக் காப்பீடு ஏற்கும். விடுமுறைக்குப் போனால் சொந்தப் பணம்தான். அந்தக் கூலியையும் சேர்த்துக் கூட்டியபோது, அறை வாடகை சின்னத் தொகையாகத் தெரிந்தது.

அவரை உறுத்தியது செலவு அல்ல. சறுக்கும்போது கால் உடைந்தால் மூன்று மாதம் கறவைக் குழியில் இறங்க முடியாது. அதனால் மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துத் தனிக் காப்பீடு எடுத்தார்கள். பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் சேருவார்கள். அவர் நீல நிறம் குறித்த எளிய பாதையைத் தாண்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எழுபத்து நான்கு வயது அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியால் குழியில் இறங்குவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. "கிடாரி ஈனுறத நான் பாத்துக்குறேன். கரைசல் தொட்டி ஒரு வாரம் காத்திருக்கும்" என்றார். அவர் ஆயுளில் பனிச்சறுக்குக்குப் போனதே இல்லை.

மாற்றாள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து, வீட்டுக்காரருடன் சேர்ந்து கறந்து பார்ப்பதாக ஏற்பாடு. மனைவி இப்போதே ஒரு தாள் எழுதிக் கறவைக் குழியின் சுவரில் ஒட்டிவிட்டார். 17-ம் எண் மாடு இடது பக்கமாக உதைக்கும். 31-க்குப் பின் வலது காம்பில் போன வருடம் மடிநோய் வந்தது, முதல் பீச்சுப் பாலைப் பார்க்கவும். 8-ம் எண் மாடு தன் முறை வரும்வரை உள்ளே வராது, அதட்ட வேண்டாம். அடியில், லெங்கன்ஃபெல்ட் வீட்டுத் தொலைபேசி எண்.

அதன் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "கிடாரி முந்தி ஈன்றால் இவர்களிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்." அப்பாவின் கையெழுத்து அது. மகன் அதைப் படித்துவிட்டார், கிழிக்கவில்லை.