கென்னடி விளையாட்டரங்கு நின்ற இடம்

அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா மாநகரின் நடுவே, நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் வில்லியம் பென்னின் சிலை நிற்கிறது. அங்கிருந்து பிராட் வீதிவழியே தெற்கு நோக்கி நெடுந்தூரம் சென்றால், பரந்த வாகன நிறுத்துமிடங்களும் 1996-இல் திறக்கப்பெற்ற ஓர் உள்ளரங்கமும் தென்படும். அவ்விடத்தில்தான் இலட்சம் பேர் அமரக்கூடிய ஜான் கென்னடி விளையாட்டரங்கு குதிரைலாட வடிவில் நின்றிருந்தது.

அமெரிக்க விடுதலையின் 150-ஆம் ஆண்டு விழாவையொட்டி 1926-இல் அது எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று, டெம்சி, டனி என்னும் குத்துச்சண்டை வீரர்களைக் காண 1,20,000-க்கு மேற்பட்டோர் மழையையும் பாராது திரண்டனர். டனி வென்றார். 'சகோதர அன்பு' என்று கிரேக்க மொழியில் பொருள்படும் பெயர்கொண்ட நகரிலே, இருவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைக் காண இத்துணைக் கூட்டம்! பின்னர் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளின் பந்தாட்டம், போர்க்காலச் சில ஆண்டுகள் நீங்கலாக, 1936 முதல் 1979 வரை ஆண்டுதோறும் இங்கே நடைபெற்றது. கொலையுண்ட குடியரசுத் தலைவரின் பெயர் 1964-இல் சூட்டப்பெற்றது.

பம்பாயில் அவ்வாண்டே நிகழ்ந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டை நம்மவர் மறந்திரார். அவ்வரிசையில் 41-ஆம் மாநாடு 1976-இல் பிலடெல்பியாவில் கூடியது. "நற்கருணையும் மானிடக் குடும்பத்தின் பசிகளும்" என்பதே அதன் கருப்பொருள். பசி என ஒருமையில் கூறாது, பசிகள் என்றனர்; உணவுக்கான பசியோடு நீதிக்கான பசியும் உண்மைக்கான பசியும் அங்கே பேசப்பட்டன. அன்னை தெரேசாவும் உரையாற்றினார். ஆகஸ்டு 8 அன்று நிறைவுத் திருப்பலி இவ்வரங்கிலேயே ஒப்புக்கொடுக்கப்பட்டது.

ஒன்பதாண்டுகள் சென்றன. எத்தியோப்பியாவில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். 1985 ஜூலை 13 அன்று அவர்களுக்காக நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி இலண்டன் வெம்பிளி அரங்கிலும் இங்கும் ஒரே நாளில் நடந்தேறியது. இங்கு மட்டும் ஏறத்தாழ 90,000 பேர். வெப்பம் தாளாதோர்மீது குழாய்நீர் பாய்ச்சப்பட்டது. அவ்விசை என் போன்றோர் செவிக்கு ஏற்றதன்று. எனினும் திருப்பலி நடந்த அதே திடலில் மீண்டும் பசித்தவரின் பெயர் சொல்லப்பட்டதே, அது போதும்.

சரியாக நான்காண்டு கழித்து, 1989 ஜூலையில், கட்டடம் சிதைந்து ஆபத்தான நிலையிலிருப்பதாகக் கண்ட நகராட்சி அரங்கை மூடியது. 1992-இல் இடித்துத் தரைமட்டமாக்கினர். வெம்பிளியும் 2003-இல் இடிக்கப்பட்டது. ஆனால் அங்கே அதே பெயரில் 2007-இல் புதிய அரங்கம் திறக்கப்பெற்றது. பிலடெல்பியாவின் புதிய அரங்கத்திற்குக் கென்னடியின் பெயரை வைக்கவில்லை.