மாம்பழக் கொட்டையும் மோல் கணக்கும்

"இந்த மோல் கணக்கெல்லாம் வாழ்க்கையில எங்க சார் வரப்போகுது?" ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி வகுப்பு நடக்கிற எல்லா ஊர்லயும் இப்படி ஒரு குரல் இருக்கும். எனக்குப் பதில் கிடைச்சது புனேயில, எங்க வீட்டுச் சமையலறையில.

வேலைக்கு வர்ற மாவ்ஷியோட பொண்ணு அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. அரசு ஆஸ்பத்திரியில கொடுத்த சிவப்பு மாத்திரையில இரும்பு 60 மி.கி.ன்னு போட்டிருக்கு. மருந்துக்கடை அட்டையில ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மி.கி. மாவ்ஷி கேட்டாங்க: "தாயி, சும்மா குடுக்கிறதுல பவர் கம்மிதானே? ஒரு வேளைக்கு மூணு போட்டுக்கச் சொல்லட்டுமா?" (தாயின்னா இங்க அக்கா. நமக்கு அந்த வயசாயிடுச்சு :-))

வேண்டவே வேண்டாம்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் விளக்க உட்கார்ந்தேன்.

இங்க ஹாபூஸ் மாம்பழம் டஜன் கணக்கு. ஒரு டஜன் மாம்பழத்துல ஒரு டஜன் கொட்டை. ஆனா தராசுல வெச்சா தோல், சதை, கொட்டை எல்லாம் சேர்ந்த எடைதான் காட்டும். கடை அட்டையில இருக்கிற 200 முழு மாம்பழம். ஆஸ்பத்திரி மாத்திரையில இருக்கிற 60 வெறும் கொட்டை. மாவ்ஷி டக்குன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

மோலும் டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கைதான். என்ன, 12-க்குப் பதிலா 6.022 × 10²³. ஃபெரஸ் ஃப்யூமரேட் ஃபார்முலாவுல 4 கார்பன், 2 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன், 1 இரும்பு. அணு நிறைகளைக் கூட்டினா 48 + 2 + 64 + 56 = 170. அதாவது ஒரு மோல் 170 கிராம், அதுல இரும்பு ஒரு மோல், 56 கிராம். 56-ஐ 170-ஆல வகுத்து 200-ஆல பெருக்குங்க. சுமார் 66 மி.கி. இரும்பு. 60-க்கும் 66-க்கும் பெரிய வித்தியாசமே இல்ல!

ஃபெரஸ் சல்பேட் இன்னும் வேடிக்கை. படிக உப்பு ஒவ்வொரு இரும்போடயும் 7 தண்ணீர் மூலக்கூறைத் தூக்கிட்டு வருது. உப்பு 152, தண்ணீர் 7 × 18 = 126, மொத்தம் 278. அப்ப 300 மி.கி. படிகத்துல இரும்பு 60 மி.கி.தான்.

2018-ல வந்த அனீமியா முக்த் பாரத் திட்டத்துல கர்ப்பிணிகளுக்குச் சொல்ற அளவு தினம் ஒரு மாத்திரை: 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மூணு போட்டா இரும்பு 180 மி.கி. ஆயிடும். ரத்தசோகை இருந்தா அளவைக் கூட்டணுமான்னு முடிவு பண்ண வேண்டியவர் டாக்டர், அட்டையில இருக்கிற எண் இல்ல.

அந்த வீட்டுல மூணு வயசுப் பேரன் ஒருத்தன் இருக்கான். சர்க்கரைப் பூச்சோட சிவப்பா இருந்தா அவனுக்கு அது மிட்டாய்தான். சின்னப் பிள்ளைங்க இரும்பு மாத்திரையை நிறைய முழுங்கினா உயிருக்கே ஆபத்து. அட்டை ரெண்டையும் எட்டாத உயரத்துல வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

உங்க வீட்டு அட்டையையும் எடுத்துப் பாருங்க. "எலிமெண்டல் அயர்ன்"னு பொடி எழுத்துல இருக்கிற எண்தான் கொட்டை. அது போடலைன்னா ஃபார்முலாவைத் தேடி வகுத்துப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.